சுவருக்கும் வியர்க்குமா?

"சார், என் அறைச் சுவருக்கு வியர்க்கிறது!"

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்ச் மாத இரவில், தென் சீனத்திலுள்ள குவாங்சோ நகரிலிருந்து என் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் பேசிய முதல் வாக்கியம் இது. அவருக்கு ஆம்பூரில், தோல் பொருள்களை ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் வேலை. காலணி, கைப்பை மாதிரிகளை ஒரு பெட்டி நிறைய எடுத்துக்கொண்டு வாடிக்கையாளர்களைக் காணச் சென்றிருந்தார். புறப்படுமுன் அந்நகரின் தட்பவெப்பத்தை விசாரிக்கவும் தவறவில்லை. மார்ச் மாதச் சராசரி வெப்பநிலை சுமார் 18 டிகிரி செல்சியஸ் என்று தெரிந்ததும், ஏலகிரிக்குப் போவது போல் மகிழ்ச்சியாகப் புறப்பட்டார்.

அங்கே நடந்தது வேறு. மழை பெய்யவில்லை, கூரை ஒழுகவில்லை. ஆனாலும் தரையெல்லாம் ஈரம். பீங்கான் ஓடு பதித்த சுவரில் நீர்த்துளிகள் கோடு கோடாக வழிந்தன. நிலைக்கண்ணாடியில் முகம் தெரியவில்லை. துவைத்துப் போட்ட சட்டை மூன்று நாளாகியும் காயவில்லை. "அறை உலரட்டும் என்று ஜன்னலையெல்லாம் திறந்து வைத்தேன், சார். இன்னும் மோசமாகிவிட்டது" என்றார். நான்காம் நாள் பெட்டியைத் திறந்தபோது காலணிகளின்மேல் வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்திருந்தது. பயணம் வீணாயிற்று.

அவருக்குப் பனிநிலை பற்றிப் பாடம் நடத்தியவன் நான்தான். வரையறையைச் சொன்னேன், கரும்பலகையில் ஒரு கணக்கும் போட்டேன். தேர்வில் அந்தக் கேள்விக்கு அவர் முழு மதிப்பெண் வாங்கியிருப்பார். ஆனால் ஜன்னலைத் திறப்பதா, மூடுவதா என்ற கேள்வி எழுந்தபோது அந்தப் பாடம் அவருக்குக் கைகொடுக்கவில்லை. குறை அவருடையது மட்டுமன்று. வகுப்பில் விட்டுப்போன பாடத்தை இங்கே நாம் சேர்ந்து படிப்போம். குவாங்சோவே நம் ஆய்வுக்கூடமாக இருக்கட்டும்.

நகரம் இருக்கும் இடம்

உலகப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தென் சீனக் கடலின் வடகரையில், முத்து ஆறு கடலில் கலக்கும் கழிமுகத்தின் தலைமாட்டில் இருக்கிறது குவாங்சோ. பழைய நூல்களில் 'கான்டன்' என்று குறிக்கப்படுவது இதுவே. 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 1 கோடியே 86 லட்சம். 1957 முதல் ஆண்டுக்கு இருமுறை இங்கே நடைபெறும் ஏற்றுமதிப் பொருட்காட்சிக்கு நம் நாட்டு வணிகர்களும் ஆண்டுதோறும் செல்கிறார்கள்.

நகரின் நடுப்பகுதி 23 பாகை வட அட்சரேகையில் உள்ளது. நகர எல்லைக்குள்ளேயே, வடபுறத்திலுள்ள சோங்ஹுவா வட்டாரத்தின் வழியாகக் கடக ரேகை செல்கிறது. ஆகவே கோடையில் சூரியன் ஏறத்தாழ உச்சந்தலைக்கு நேராக நிற்கும்.

தெற்கே வெதுவெதுப்பான கடல். வடக்கே நான்லிங் மலைத்தொடர். அதற்கும் அப்பால் சைபீரியா வரை பரந்த நிலம். குளிர்காலத்தில் சைபீரியாவின் குளிர்ந்த, உலர்ந்த காற்று மலை இடைவெளிகளின் வழியாகத் தெற்கே பாய்கிறது. கோடையில் கடற்காற்று நீராவியைச் சுமந்துகொண்டு வடக்கே வருகிறது. இந்த இரண்டு காற்றுகளில் எதன் கை ஓங்குகிறது என்பதே குவாங்சோவின் வானிலை. ஆண்டு மழை 1,700 முதல் 2,000 மில்லிமீட்டர் வரை. அதில் பெரும்பங்கு ஏப்ரல் முதல் செப்டம்பருக்குள் கொட்டிவிடுகிறது.

காற்றிலுள்ள நீரை எப்படி அளப்பது?

ஒரு கன மீட்டர் இடத்தில் எவ்வளவு நீராவி இருக்க முடியும்? அதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை வெப்பநிலைதான் தீர்மானிக்கிறது. 10 டிகிரியில் அது 9.4 கிராம். 20 டிகிரியில் 17.3 கிராம். 30 டிகிரியில் 30.4 கிராம். அதாவது, பத்து டிகிரி உயர்ந்தால் எல்லை ஏறத்தாழ இருமடங்காகிறது. எல்லையைத் தொட்டுவிட்ட நீராவியைத் தெவிட்டிய ஆவி என்கிறோம்.

வானிலை அறிக்கையில் 'ஒப்பு ஈரப்பதம் 80 விழுக்காடு' என்று சொன்னால், எல்லையில் ஐந்தில் நான்கு பங்கு நீராவி இருக்கிறது என்பது பொருள். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஜனவரிக் காலையில் 12 டிகிரி, ஈரப்பதம் 95 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். கன மீட்டருக்குச் சுமார் 10 கிராம் நீராவிதான் இருக்கும். ஜூலைப் பிற்பகலில் 34 டிகிரி, ஈரப்பதம் 60 விழுக்காடு. கேட்பதற்குக் குறைவாகத் தோன்றினாலும் இதில் இருப்பது 22 கிராமுக்கு மேல்! ஆகவே ஒப்பு ஈரப்பதத்தை மட்டும் கேட்டு ஒரு முடிவுக்கு வரக்கூடாது.

நம்பத்தகுந்த அளவை ஒன்று உண்டு. காற்றைக் குளிரவைத்துக்கொண்டே போனால், ஏதோ ஒரு வெப்பநிலையில் அதிலுள்ள நீராவி தெவிட்டிய நிலையை அடையும். அதற்கும் கீழே குளிர்ந்தால் நீராகப் படியும். அந்த வெப்பநிலைதான் பனிநிலை. ஐஸ் போட்ட மோர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளரின் வெளிப்புறம் முத்து முத்தாக வியர்ப்பதைத் தினமும் பார்க்கிறோம். டம்ளரின் வெப்பநிலை அறைக்காற்றின் பனிநிலைக்குக் கீழே இருப்பதே அதற்குக் காரணம்.

டம்ளரின் இடத்தில் ஒரு வீட்டை வைத்துப் பாருங்கள். என் மாணவரின் அறை உங்கள் கண்முன் வந்துவிடும்.

'தெற்கு திரும்பும்' நாட்கள்

குவாங்சோ மக்கள் இந்தக் காலத்தை 'ஹுய் நான் தியென்' என்கிறார்கள். 'தெற்கு திரும்பி வரும் வானிலை' என்று பொருள் கொள்ளலாம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இது அவ்வப்போது தலைகாட்டும்.

முதலில் வடக்கிலிருந்து ஒரு குளிர் அலை வந்து பல நாட்கள் தங்குகிறது. வீட்டின் சுவரும் தரையும் குளிர்ந்துபோகின்றன. செங்கல்லும் கான்கிரீட்டும் சூடேறவும் நேரம் எடுக்கும். குளிரவும் நேரம் எடுக்கும். பிறகு ஒரு நாள் திடீரென்று குளிர்காற்று ஓய்ந்து, தெற்கிலிருந்து கடற்காற்று திரும்புகிறது. வெளிக்காற்று சில மணி நேரத்தில் மாறிவிடும். சுவரால் அப்படி மாற முடியாது.

ஒரு கணக்கு போடுவோம். புதிதாக வந்த காற்று 22 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 90 விழுக்காடு. கன மீட்டருக்கு 17.5 கிராம் நீராவி. பனிநிலை சுமார் 20 டிகிரி. சுவரோ இன்னும் 14 டிகிரியில் இருக்கிறது. 14 டிகிரியில் நீராவியின் எல்லை 12 கிராம்தான். எனவே சுவரைத் தொட்டுக் குளிரும் ஒவ்வொரு கன மீட்டர் காற்றும் ஐந்து கிராமுக்கு மேல் நீரை அங்கே விட்டுவிட்டுப் போகும். தரைத்தளத்து வீடுகளிலும் மாடிப்படிகளிலும் இது அதிகம். வழுக்கி விழுபவர்கள் உண்டு.

இப்போது ஜன்னல் கேள்விக்கு வருவோம். ஜன்னல் மூடியிருந்தால் அறைக்குள் இருக்கும் காற்றிலுள்ள நீர் மட்டுமே படியும், பிறகு நின்றுவிடும். ஜன்னலைத் திறந்தால்? நீரை விட்டுவிட்ட காற்று வெளியேறும். கன மீட்டருக்கு 17.5 கிராம் சுமந்த புதுக்காற்று உள்ளே வரும். அதுவும் சுவரில் நீரை விடும். இப்படி முடிவில்லாமல் நடக்கும். நம் ஊர் வழக்கப்படி 'காற்றாட' விட்டது, நீர்க்குழாயைத் திறந்து விட்டதற்குச் சமம்!

ஆகவே இந்த நாட்களில் செய்ய வேண்டியது, ஜன்னல்களை, குறிப்பாகத் தெற்கு நோக்கிய ஜன்னல்களை, மூடி வைப்பதுதான். அறையில் குளிர்சாதனம் இருந்தால் அதை ஈரம் நீக்கும் முறையில் ஓட்டலாம். அதனுள்ளே இருக்கும் குளிர்ந்த சுருள் குழாய், நீராவி படிவதற்காகவே நாம் வைத்த ஒரு குளிர்ந்த சுவர். நீர் அங்கே படிந்து குழாய் வழியே வெளியேறிவிடும். அறைச் சுவர் தப்பிக்கும். தோல் பொருள், புகைப்படக் கருவி, சான்றிதழ்கள் ஆகியவற்றைக் காற்றுப் புகாத பையில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வைக்க வேண்டும்.

வடக்கிலிருந்து உலர்ந்த காற்று மீண்டும் வந்தால் இந்தத் தொல்லை ஒரே நாளில் தீரும். அன்று ஜன்னல்களைத் தாராளமாகத் திறக்கலாம். ஜன்னலைத் திறப்பதற்கு ஒரே விதிதான்: வெளிக்காற்றின் பனிநிலை சுவரின் வெப்பநிலையைவிடக் குறைவாக இருக்க வேண்டும்.

டிராகன் படகுத் தண்ணீர்

ஏப்ரலில் மழைக்காலம் தொடங்குகிறது. வடக்கத்திய குளிர்காற்றும் தெற்கத்திய ஈரக்காற்றும் தென் சீனத்தின் மேல் மோதிக்கொண்டு நிற்கும் காலம் இது. இலேசான ஈரக்காற்று கனமான குளிர்காற்றின்மேல் ஏறுகிறது, ஏறும்போது விரிந்து குளிர்கிறது, மழையாகிறது. சீன நாட்காட்டியில் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் டிராகன் படகுத் திருவிழா. அது பெரும்பாலும் ஜூன் மாதத்தில் வரும். அதையொட்டிக் கொட்டும் பெருமழைக்கு 'டிராகன் படகுத் தண்ணீர்' என்றே பெயர். அந்தத் திருவிழாக் கொழுக்கட்டையைத் தின்னும்வரை குளிர்கால உடையைப் பெட்டியில் வைக்காதே என்பது அப்பகுதி முதியோர் வாக்கு. அதுவரை வடகாற்று எந்நாளும் திரும்பி வரக்கூடும் என்பதே அதன் பொருள்.

இந்த மழையைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். 2017 மே 7 அன்று குவாங்சோவின் கிழக்குப் பகுதியில் ஓரிடத்தில் ஒரே மணி நேரத்தில் 180 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர். அப்படியானால் ஒரு கயிற்றுக்கட்டில் அளவுள்ள இடத்தில் ஒரு மணி நேரத்தில் இருபது குடத்துக்கும் மேல் தண்ணீர்! 2020 மே 22 அன்று பெய்த மழையில் சுரங்க ரயில் நிலையம் ஒன்றில் வெள்ளம் புகுந்து, 13-ஆம் தடத்தில் ரயில் ஓட்டம் நின்றது. 2024 ஏப்ரல் 27 அன்று நகரின் பையுன் வட்டாரத்தில் வீசிய சுழற்காற்று ஐந்து பேரைப் பலிகொண்டது.

மழை எச்சரிக்கை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என மூன்று நிறங்களில் வரும். சிவப்பு என்றால் பள்ளிகளுக்கு விடுமுறை. பயணியும் அன்று தாழ்வான சாலைகள், சுரங்கப்பாதைகள் பக்கம் போகாமல் இருந்த இடத்திலேயே இருப்பது நலம்.

பழைய நகரத்தார் மழைக்கும் வெயிலுக்கும் சேர்த்து ஒரு வழி கண்டிருந்தார்கள். கடைத்தெருக் கட்டடங்களின் மாடியை நடைபாதையின்மேல் நீட்டித் தூண்களால் தாங்கினார்கள். மாடி, நடைபாதையின்மேல் சவாரி செய்வதுபோல் இருப்பதால் இவற்றுக்குச் 'சவாரி மாடி' என்னும் பொருளில் பெயர் அமைந்தது. ஷாங்சியாஜியு தெருவில் இன்றும் குடையின்றி நெடுந்தூரம் நடக்கலாம்.

33 டிகிரி பெரிதா, 40 டிகிரி பெரிதா?

ஜூன் முதல் செப்டம்பர் வரை கோடை. ஜூலையின் சராசரி வெப்பநிலை 29 டிகிரி; பகலில் 33, 34 சாதாரணம். '40 டிகிரியைப் பார்த்தவர்கள் நாங்கள், 33 எம்மாத்திரம்?' என்று நம்மவர்கள் நினைக்கலாம். இந்த எண்ணம் ஆபத்தானது.

மனித உடல் ஓர் அடுப்பு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ஒரு பழைய குண்டுபல்பைப் போல் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. வேகமாக நடந்தால் அது மூன்று மடங்காகும். காற்றின் வெப்பநிலை தோலின் வெப்பநிலையை நெருங்கும்போது இந்த வெப்பம் வெளியேற ஒரே வழிதான் மிச்சம்: வியர்வை ஆவியாதல். ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் உடலைவிட்டு நீங்கும். கவனியுங்கள்: ஆவியானால்தான். சொட்டிக் கீழே விழுந்த வியர்வையால் உடலுக்கு நீரும் உப்பும்தான் நட்டம், குளிர்ச்சி இல்லை.

காற்றில் நீராவி நிறைந்திருந்தால் வியர்வை எப்படி ஆவியாகும்? இதை அளக்கும் கருவி ஈரக்குமிழ் வெப்பமானி. வெப்பமானியின் குமிழை ஈரத்துணியால் சுற்றிக் காற்றில் பிடித்தால், நீர் ஆவியாவதால் அது குளிர்ந்து ஓர் அளவில் நிற்கும். வியர்வையால் நனைந்த நம் உடலும் ஒரு வகையில் ஈரக்குமிழ்தான். மண்பானைத் தண்ணீரும் அப்படியே; கோடையில் அது சில்லென்று இருப்பதும், மழைநாளில் அப்படிக் குளிராமல் இருப்பதும் இதனால்தான்.

இப்போது ஒப்பிடுங்கள். 40 டிகிரி, ஈரப்பதம் 25 விழுக்காடு உள்ள வறண்ட ஊரில் ஈரக்குமிழ் சுமார் 24 டிகிரி காட்டும். 33 டிகிரி, ஈரப்பதம் 70 விழுக்காடு உள்ள குவாங்சோவில் அது 28 டிகிரி! வெப்பமானி ஏழு டிகிரி குறைத்துச் சொல்கிறது. உடலுக்கோ குளிரும் வாய்ப்பு மிகவும் குறைந்துவிட்டது.

ஈரக்குமிழ் 35 டிகிரியைத் தொட்டால், நிழலில் ஓய்வாக இருக்கும் ஆரோக்கியமான மனிதராலும் சில மணி நேரத்துக்குமேல் தாங்க முடியாது என்று 2010-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டுக் கூறியது. 2022-இல் அமெரிக்காவிலுள்ள பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் இளைஞர்களைக் கொண்டு செய்த சோதனைகள், ஈரமான சூழலில் அந்த எல்லை 31 டிகிரிக்கு அருகிலேயே வந்துவிடுவதைக் காட்டின. முதியவர்களுக்கு இன்னும் குறைவாகவே இருக்கும். 28-க்கும் 31-க்கும் எவ்வளவு தூரம் என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொரு செய்தியும் சிந்திக்கத்தக்கது. சீனத்தில் 2012-இல் வந்த விதிகளின்படி, வெளியில் வேலை செய்வோரின் வேலை நேரம் 35, 37 டிகிரிப் படிகளில் குறைக்கப்படும். 40 டிகிரியானால் வெளிவேலை நிறுத்தப்படும். தொழிலாளர்களுக்கு இது நல்ல பாதுகாப்பு. ஆனால் இந்தப் படிகள் காற்றின் வெப்பநிலையை மட்டும் வைத்து அமைந்தவை. குவாங்சோவில் 39 டிகிரியைத் தொடுவதே மிக அரிது. ஈரக்காற்றில் உழைப்பவர் உடல்படும் பாட்டை 40 என்னும் எண் காட்டாது.

கோடையில் அங்கே போக நேர்ந்தால் காலை பத்து மணிக்குள்ளும் மாலையிலும் வெளி வேலைகளை வைத்துக்கொள்ளுங்கள். உடல் புதிய வெப்பத்துக்குப் பழக ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் ஆகும். முதல் மூன்று நாட்களில் ஓடியாட வேண்டாம். தளர்ந்த பருத்தியுடை அணியுங்கள். பக்கத்திலுள்ள ஷுண்டே வட்டாரத்தில் கிழங்குச் சாறும் ஆற்றுச் சேறும் இட்டுத் தயாரிக்கும் கருநிறப் பட்டு உடலில் ஒட்டாமல் விறைப்பாக நிற்பதால் அங்கே கோடைக்கு உகந்ததாகக் கருதப்படுகிறது. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் நீர் குடியுங்கள். உணவில் உப்பும் இருக்கட்டும். கூட வருபவருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் வந்து, பேச்சும் குழறினால் அது வெப்பத்தாக்கின் அறிகுறி. உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பை நனைத்து விசிறுங்கள். 120 என்னும் எண்ணில் மருத்துவ ஊர்தியை அழையுங்கள்.

மூக்குக்கண்ணாடி அணிபவர்களுக்கு ஒரு சொல். குளிரூட்டிய கடையிலிருந்து தெருவுக்கு வந்ததும் கண்ணாடி மங்கிவிடும். புகைப்படக் கருவியின் வில்லைக்கும் அதே கதி. அது பனிநிலையின் வேலைதான். கருவியைப் பையிலேயே வைத்து, அது வெளி வெப்பத்தை அடைந்தபின் எடுங்கள்.

சூறாவளிக்கு முந்திய நாள்

ஜூலை முதல் செப்டம்பர் வரை சூறாவளிகளின் காலமும்கூட. தைஃபூன் என்று அங்கே அழைப்பதும், வங்கக் கடலில் நாம் புயல் என்பதும் ஒரே நிகழ்ச்சிதான்.

புயல் இன்னும் பல நூறு கிலோமீட்டர் தொலைவில் இருக்கும்போது, கரையில் பல சமயம் வானம் தெளிந்து, காற்று அடங்கி, வெயில் கொளுத்தும். புயலின் நடுப்பகுதியில் மேலே ஏறிய காற்று எங்காவது கீழே இறங்கியாக வேண்டுமல்லவா? அது புயலின் வெளி விளிம்பில் இறங்குகிறது. இறங்கும் காற்று அழுத்தப்படுவதால் கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி வீதம் சூடாகிறது, மேகங்கள் கரைகின்றன. ஆகவே கோடையின் மிகக் கடுமையான வெப்பநாள், சூறாவளிக்கு முந்திய நாளாக அமைவதுண்டு. தெளிந்த வானத்தைக் கண்டு கடற்கரைச் சுற்றுலாவுக்குப் புறப்படுமுன் வானிலை அறிக்கையைக் கேளுங்கள்.

குவாங்டொங் மாநிலத்தில் சூறாவளி எச்சரிக்கை வெள்ளை, நீலம், மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என ஐந்து படிகளில் வரும். மஞ்சள் வந்தாலே பள்ளிகள் மூடப்படும். 2018 செப்டம்பர் 16 அன்று மங்குட் என்னும் சூறாவளி அம்மாநிலக் கரையைக் கடந்தபோது, குவாங்சோவில் வேலை, வணிகம், சந்தை மூன்றும் நிறுத்தப்பட்டன. இந்த மாதங்களில் பயணம் செய்பவர் திரும்பும் நாளுக்குப் பின் ஓரிரு நாட்களைக் கையிருப்பாக வைத்துக்கொள்வது அறிவுடைமை.

14 டிகிரியில் நடுக்கமா?

ஜனவரியின் சராசரி வெப்பநிலை 14 டிகிரி. படிப்பதற்கு இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் குளிர் அலை வந்தால் ஓரிரு நாளில் பத்து டிகிரிக்கு மேல் இறங்கிவிடும். 2016 ஜனவரி 24 அன்று அந்நகரில் பனித்துகள் விழுந்து மக்களை வியப்பில் ஆழ்த்தியது.

வட சீன நகரங்களில் வீடுகளுக்குக் குழாய் வழியே வெந்நீர் அனுப்பிச் சூடேற்றும் ஏற்பாடு உண்டு. தெற்கே அது கிடையாது. வெளியே 8 டிகிரி என்றால் பல வீடுகளின் உள்ளேயும் ஏறக்குறைய அதே குளிர்தான். உடையில் ஈரம் ஏறினால், இழைகளுக்கிடையே வெப்பத்தைக் காக்கும் காற்றின் இடத்தை நீர் பிடித்துக்கொள்கிறது. நீர், காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் எளிதாக வெப்பத்தைக் கடத்துவது. ஆகவே கம்பளிச் சட்டையும் மேலே ஈரம் புகாத உறையும் தேவை.

சீனப் புத்தாண்டுக்கு முன் அந்நகரில் கூடும் மலர்ச் சந்தைகள் கண்கொள்ளாக் காட்சி. ஆனால் அப்போதுதான் வெளியூர்த் தொழிலாளர்கள் அனைவரும் ஊர் திரும்புவார்கள். 2008 ஜனவரி இறுதியில் நடந்தது இது: வடக்கே ஹூனான் மாநிலத்தில் தரையையொட்டி உறைநிலைக்குக் கீழான குளிர்காற்று, அதன்மேல் தெற்கிலிருந்து ஏறிய ஈரக்காற்று. மேலே மழையாகப் பிறந்த துளிகள் குளிர்ந்த அடுக்கில் விழும்போது உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் நீராகவே இருந்து, மின்கம்பிகளைத் தொட்டவுடன் உறைந்தன. பளு தாங்காமல் கோபுரங்கள் சாய்ந்தன. மின்சாரமின்றிப் பெய்ஜிங்-குவாங்சோ இருப்புப்பாதை முடங்கியது. அங்கே பனியில்லாத குவாங்சோ ரயில் நிலையத்தின் முன், குளிர் மழையில் நனைந்தபடி லட்சக்கணக்கானோர் நாட்கணக்கில் காத்துக் கிடந்தனர். போகும் ஊரின் வானிலை மட்டும் போதாது, போகும் வழியின் வானிலையும் தெரிய வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அப்படியானால் எப்போது போகலாம்?

அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை. கடற்காற்று பின்வாங்கி, வடக்கின் உலர்ந்த காற்று மெல்ல வீசும் காலம் இது. நவம்பரின் சராசரி 20 டிகிரி அளவில் இருக்கும், வானம் தெளிவு, மழை குறைவு. பொருட்காட்சிக்குச் செல்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வசந்தகாலக் காட்சி ஏப்ரல் நடுவில் தொடங்கி மே முதல் வாரம்வரை, சரியாக மழைக்காலத்தில் வருகிறது. இலையுதிர்காலக் காட்சியோ அக்டோபர் நடுவில் தொடங்கி, நல்ல காலத்திலேயே நடைபெறுகிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு இருந்தால், எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

நாளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லாதவர்கள்? அவர்களுக்குத்தான் இயற்பியல் மிகவும் தேவை. கைபேசியில் வரும் வானிலைத் தகவல்கள் பலவற்றில் வெப்பநிலையோடு பனிநிலையும் இருக்கும். அதைப் பாருங்கள். 15-க்குக் கீழே என்றால் இதம். 20-ஐத் தாண்டினால் புழுக்கம். 24-ஐத் தாண்டினால், வெப்பமானி என்ன சொன்னாலும் உடம்பைக் காத்துக்கொள்ள வேண்டிய நாள்.

வீட்டிலேயே செய்து பாருங்கள்

ஒரே மாதிரியான இரண்டு வெப்பமானிகளை எடுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி வேண்டாம். ஆய்வுக்கூட வெப்பமானிகள் வேண்டும். ஒன்றின் குமிழை மெல்லிய பருத்தித் துணியால் சுற்றி, துணியின் நுனியை ஒரு சிறு கிண்ணத்துத் தண்ணீரில் விடுங்கள். இரண்டையும் நிழலில் அருகருகே தொங்கவிட்டு, ஐந்து நிமிடம் விசிறுங்கள். இரண்டின் அளவுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் அதிகமானால் காற்று வறண்டிருக்கிறது. வியர்வை தன் வேலையைச் செய்யும். வித்தியாசம் ஓரிரு டிகிரிதான் என்றால், காற்றில் இனி இடமில்லை என்று பொருள். ஈரக்குமிழ் 28-ஐத் தாண்டும் நாளில் வெயிலில் விளையாட்டையும் கடும் உழைப்பையும் தள்ளிப் போடுங்கள். ஒரு மாதம் தினமும் குறித்து வந்தால் உங்கள் ஊர்க் காற்றைப் பற்றி உங்களுக்கே பல உண்மைகள் தெரியவரும்.

என் மாணவர் மறு ஆண்டும் மார்ச் மாதத்தில்தான் குவாங்சோ செல்ல நேர்ந்தது. வாடிக்கையாளர் குறித்த நாள் அது. இம்முறை மாதிரிகள் சிலிக்கா ஜெல்லுடன் இறுகக் கட்டிய பைகளில் இருந்தன. மூன்றாம் நாள் தெற்குக் காற்று திரும்பியது. விடுதிப் பணிப்பெண் வழக்கம்போல் அறையைப் பெருக்கிவிட்டு ஜன்னல் பக்கம் போனாராம். இவர் முந்திக்கொண்டு ஓடி ஜன்னலைச் சாத்தினாராம். அந்தப் பெண் சிரித்துவிட்டு, தானும் அதற்குத்தான் வந்ததாகச் சைகையால் காட்டினாராம்.

பனிநிலையின் வரையறை அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். ஆனால் எந்த நாளில் ஜன்னலை மூட வேண்டும் என்பது தெரிந்திருக்கிறது. வரையறையை மனப்பாடம் செய்த நாமும் அதைத் தெரிந்துகொண்டால்தான் படித்த பாடம் முழுமை பெறும்.